இசைவாணர் மறுத்த மேடைகள்

அரசை நடத்துவோர்க்கும் அரசை நாடுவோர்க்கும் பாட்டு என்றும் வேண்டியதொன்றாகவே இருந்து வந்துள்ளது. பட்டத்து யானைக்கு முன்னே முரசு சென்ற காலத்திலும், மோட்டார் வண்டியின் கூரைமேல் ஒலிபெருக்கி சென்ற காலத்திலும் இது மாறவில்லை. பாட்டை வேண்டி நின்றவர் பலர். “என் பாட்டை உன் மேடையில் வைக்காதே” என்று எதிர்நின்று சொன்ன இசைவாணரோ சிலர். அச்சிலரின் வரலாற்றை எமது மலரின் வாசகர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பல்லவ மன்னனின் அழைப்பை ஏற்க மறுத்த அப்பர் சுவாமிகளின் சரிதத்தைப் பாலர் வகுப்பிலேயே கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இது முற்றிலும் புதிய விடயமன்று. எனினும் யாம் ஈண்டுக் கூற வந்தது மேனாட்டு வரலாறு.

இவ்விவகாரங்கள் யாவும் பணத்தைப் பற்றியவை என்று எண்ணுவோர் உளர். நீதிமன்றத்திலே பேசப்படுவது பெரும்பாலும் பணந்தான். ஆயின் இசைவாணரின் மனக்குறை வேறு. ஒருவன் வாய் திறவாதிருக்கையில் அவனுடைய குரலை எடுத்துச் சென்று, அவன் சொல்லாத ஒன்றுக்கு அவனைச் சாட்சியாக நிறுத்தினால் அவனுக்கு எப்படியிருக்கும்? பொய்ச்சாட்சி சொல்லவைக்கப்பட்டவனின் கோபமே இங்கு நாம் காணப்போவது.

1931 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆந் திகதி, இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் ஓர் இசைநிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. மார்த்துச்சி என்னும் காலஞ்சென்ற இசைப்புலவரின் நினைவாக நிகழவிருந்த அதனை நடத்த வந்தவர் ஆர்த்துரோ தொஸ்கனீனி. பெரும் வாத்தியக் குழுக்களை நெறிப்படுத்துவதில் அவருக்கு நிகராக அக்காலத்தில் ஒருவரைச் சொல்வது கடினம். முசோலினியின் அமைச்சர்கள் வருகின்றனர், ஆதலால் தொடக்கத்திலே அரச கீதத்தையும் பாசிசக் கட்சியின் கீதத்தையும் வாசிக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இறந்த நண்பரின் நினைவுக் கூட்டத்திலே கட்சிப் பாட்டுக்கு இடமில்லை என்று அவர் மறுத்தார். அரங்க வாயிலில் வண்டியை விட்டு இறங்கியதும் கட்சிக் காடையர் அவரைச் சூழ்ந்து முகத்தில் அறைந்தனர். அப்போது அவருக்கு வயது 64. நிகழ்ச்சி நின்றது, அவருடைய கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து கண்டனம் எழுந்த பின்னரே அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதன்பின் அந்த ஆட்சி நிலவியவரை அவர் தம் தாய்நாட்டில் இசைக்குழு நடத்தவேயில்லை. குண்டுவீச்சில் சிதைந்து மீளக் கட்டப்பட்ட மிலான் நகர் லா ஸ்காலா அரங்கு 1946 மே 11 இல் திறக்கப்பட்டபோதுதான், 79 வயதுக் கிழவராய் வந்து கோலைக் கையிலெடுத்தார்.

தொஸ்கனீனி மறுத்தது பிறருடைய பாட்டைத் தாம் வாசிக்க. தம்முடைய பாட்டைப் பிறர் வாசிக்க மறுப்பது இன்னொரு வகை. ஹங்கேரி நாட்டுப் பேலா பார்ட்டோக் இவ்விரண்டாம் வகையினர். குக்கிராமங்கள் தோறும் நடந்து குடியானவரின் பாட்டுக்களைச் சேகரித்த அப்பெரியார், 1937 இல் தமது வாசிப்பை ஜேர்மன், இத்தாலிய வானொலிகள் ஒலிபரப்பக்கூடாதெனத் தடுத்தார். 1940 இல் நாட்டைவிட்டு வெளியேறுமுன் அவர் எழுதிவைத்த மரண சாதனத்திலே ஒரு விந்தையான நிபந்தனை உண்டு. புடாபெஸ்ற் நகரில் ஹிட்லர், முசோலினி ஆகியோரின் பெயரைத் தாங்கிய சதுக்கங்கள் இருக்கும்வரை தம் பெயரை எந்தத் தெருவுக்கோ பொதுவிடத்துக்கோ சூட்டலாகாது என்பதே அது. பாட்டை மட்டுமல்ல, இறந்தபின் தம் பெயரைக்கூட அவர் இரவல் கொடுக்க விரும்பவில்லை!

இறந்தோர் எல்லோர்க்கும் இப்படி எழுதிவைக்க வாய்ப்பதில்லை. மனிதகுலம் முழுவதும் உடன்பிறந்தாராகும் என்னும் கருத்தமைந்த பாடலுக்குப் பேத்தோவன் அமைத்த மெட்டை, வெள்ளைச் சிறுபான்மையினர் ஆண்ட ரொடீசியா 1974 இல் தன் தேசிய கீதத்துக்கு எடுத்துக்கொண்டது. பேத்தோவன் மறைந்து அப்போது 147 ஆண்டுகள். ஆட்சேபிக்க ஆளில்லை.

இனி அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் செல்வோம். இவ்வகைப் பிணக்குகள் மிகுதியாக விளைந்த நிலம் அதுவே. தேர்தலுக்குப் பாட்டு அங்கே பழைய வழக்கம். 1840 இல் ஹரிசன் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோதே ஊரறிந்த மெட்டுக்களில் புதுச்சொற்களை ஏற்றிப் பாடினர். பொது மெட்டு, கூலிக்கு எழுதிய சொல். இவற்றிலே யாருக்கு என்ன வருத்தம்? இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் வந்தபின்னரே நிலைமை வேறாயிற்று. மெட்டோடு பாடகனின் குரலே, அவன் மூச்சு உட்பட, மேடைக்கு வந்துவிடுகிறது. கூட்டத்தில் நிற்பவன் காதுக்கு அப்பாடகன் அபேட்சகரின் தோளிலே கைபோட்டு நிற்பதுபோலத் தோன்றும்.

இதிலே பெயர்பெற்றது 1984 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. நியூ ஜேர்சி மாநிலத்துத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் என்னும் பாடகர் அவ்வாண்டு யூன் மாதத்தில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். “அமெரிக்காவிற் பிறந்தவன்” என்பது அதன் பெயரின் பொருள். உறையிலே நாட்டின் கொடி. முதற்பாட்டின் பல்லவியோ முட்டியை உயர்த்தி முழங்கத்தக்கது. ஆனால் சரணங்களிலே உள்ள கதை வேறு. வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிவந்த ஒருவன் வேலை கேட்டு அலைகின்றான். ஆலையிலும் இடமில்லை, அரச அலுவலகத்திலும் ஆறுதலில்லை. பிறந்த நாட்டிலே போக்கிடமற்று நிற்பவனின் ஓலமே அப்பல்லவி.

ஜோர்ஜ் வில் என்னும் புகழ்பெற்ற பத்திரிகை எழுத்தாளர், ஜனாதிபதி றீகனின் ஆதரவாளர், ஸ்பிறிங்ஸ்ரீனின் இசைநிகழ்ச்சிக்குச் சென்றார். சத்தம் தாங்காதென்று காதிலே பஞ்சை அடைத்துக்கொண்டு இருந்ததாக அவரே எழுதியுள்ளார். பஞ்சுக்கு ஊடாகப் பல்லவி மட்டும் உள்ளே போயிற்றுப் போலும்! இவர் சிணுங்குகிறவர் அல்லர், உழைப்பையும் நாட்டையும் போற்றுகிறவர் என்று செப்ரெம்பர் 13 இல் வில் எழுதினார். அதே மாதம் 19 ஆந் திகதி, நியூ ஜேர்சியிலே ஹமன்ரன் என்னும் ஊரிலே பேசிய றீகன், அம்மாநிலத்து மைந்தரான ஸ்பிறிங்ஸ்ரீனின் பாடல்களிலே உள்ள நம்பிக்கைச் செய்தியைப் புகழ்ந்தார். றீகன் அங்கே அப்பாட்டை ஒலிக்கவிடவில்லை. பெயரை மட்டுமே சொன்னார். ஆயினும் பாட்டின் பொருள் தலைகீழாயிற்று.

ஸ்பிறிங்ஸ்ரீன் அறிக்கை விடவில்லை, வழக்கும் தொடுக்கவில்லை. சில நாட்களுக்குள் பிற்ஸ்பேர்க் நகரில் அவருடைய நிகழ்ச்சி நடந்தது. உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்திருந்த நகரம் அது. ஜனாதிபதி என்னைப்பற்றிப் பேசினாராம், அவருக்குப் பிடித்த இசைத்தட்டு எதுவாயிருக்குமென யோசித்தேன், இதைக் கேட்டிருக்கமாட்டார் என்ற கருத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, 1982 இல் தாம் வெளியிட்ட வேறொரு பாட்டைப் பாடினார். மோட்டார் ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்து, கடன் தாங்காது, குடிவெறியில் ஒருவனைச் சுட்டுக்கொன்று சிறைபுகுந்தவனின் கதை அது. மறுப்பைப் பாட்டாலேயே சொன்ன இம்முறை எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பயன் என்ன என்று கேட்பீராயின், நவம்பர் மாதத் தேர்தலிலே 50 மாநிலங்களில் 49 ஐ றீகன் வென்றார். பாட்டும் இன்றுவரை பல்லவியாகவே முழங்கப்பட்டு வருகின்றது.

வழக்குத் தொடுத்தவர்களின் கதைக்கு வருமுன், அமெரிக்க வழக்கம் ஒன்றை வாசகர் அறிந்துகொள்ளல் வேண்டும். பாட்டெழுதுவோரின் உரிமையைத் திரட்டி வைத்து அனுமதிப் பத்திரம் விற்கும் பெரிய சங்கங்கள் அங்கே உள்ளன. ஒன்று 1914 இலும் மற்றொன்று 1939 இலும் தோன்றின. மண்டபக்காரர் ஆண்டுக் கட்டணம் செலுத்திவிட்டால் இலட்சக்கணக்கான பாட்டுக்களில் எதையும் அம்மண்டபத்தில் ஒலிக்கலாம். ஆகவே பாடகர் கண்டித்தாலும் “கட்டணம் கட்டியாயிற்று” என்று கட்சிக்காரர் சொல்ல இடமிருந்தது. பின்னாளில் இச்சங்கங்கள் அரசியற் கட்சிகளுக்கெனத் தனி அனுமதிப் பத்திரம் வகுத்து, பாட்டுக்காரர் ஆட்சேபித்தால் அப்பாட்டை அதிலிருந்து நீக்கும் ஏற்பாட்டையும் செய்தன. விளம்பரப் படத்திலே பாட்டைச் சேர்ப்பதாயின் நிலைமை வேறு. அதற்கு உரிமையாளரிடம் நேராகவே சம்மதம் பெறவேண்டும்.

இப்பின்னைய வகையிலேதான் கட்சிகள் அடிக்கடி அகப்பட்டுக்கொண்டன. 2008 இல் ஜோன் மெக்கெயினுக்கு ஆதரவாக ஒகையோ மாநிலக் குடியரசுக் கட்சியினர் செய்த விளம்பரத்திலே ஜக்சன் பிறவுண் என்பவரின் பாட்டு வந்தது. அவரோ எதிர்க்கட்சியின் நெடுநாள் ஆதரவாளர். வழக்குத் தொடுத்தார், 2009 இல் கட்சியினர் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொண்டனர். நியூசீலாந்திலே ஆளுங்கட்சி ஒன்று இன்னும் சாமர்த்தியமாக நடந்து, அமெரிக்கப் பாடகர் எமினெமின் பாட்டையொத்த ஒரு போலி மெட்டைக் கடையில் வாங்கி 2014 ஆம் ஆண்டுத் தேர்தல் விளம்பரத்தில் வைத்தது. அதுவும் களவே என்று 2017 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்த்தது. விதிக்கப்பட்ட 6 இலட்சம் நியூசீலாந்து டொலர் 2018 இல் மேன்முறையீட்டின்போது 2 இலட்சத்து 25 ஆயிரமாகக் குறைந்தது.

பிரித்தானிய கயானாவிற் பிறந்து இலண்டனில் வளர்ந்த எடி கிறாண்டின் வழக்கையும் இங்கே குறிப்பிடுவோம். 1981 இல் இலண்டன் பிறிக்ஸ்ரன் பகுதியில் வறுமையும் பொலிசார் மீதான வெறுப்பும் முற்றிக் கலகம் வெடித்தது. அந்தச் சூழலைப் பின்னணியாகக் கொண்டு, அங்குள்ள சந்தைத் தெரு ஒன்றின் பெயரிலே அவர் பாடிய பாட்டு உலகெங்கும் ஒலித்தது. 2020 ஓகஸ்ற் மாதம், டொனால்ட் ட்ரம்ப் தம் எதிராளியைக் கேலிசெய்து இணையத்தில் வெளியிட்ட 55 விநாடிக் கேலிச்சித்திரப் படம் ஒன்றிலே அப்பாட்டு 40 விநாடியளவு ஒலித்தது. வறியவனின் கோபத்துக்காக எழுந்த பாட்டு, செல்வந்தர் ஒருவரின் நையாண்டிக்குப் பின்னணியாயிற்று. கேலிக்காக எடுத்தது நியாயமான பயன்பாடே என்று பிரதிவாதி தரப்பார் வாதாடினர். படம் பாட்டைக் கேலிசெய்யவில்லையே, மனிதரையல்லவா கேலிசெய்தது என்பதே அதற்கு விடையாயிற்று. 2024 செப்ரெம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் கிறாண்டின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதுவரை சொன்னவற்றில் யார் பாட்டு, யார் மேடை என்பது தெளிவு. இனிச் சொல்வது அத்துணைத் தெளிவானதன்று.

ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலே, பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் ஸ்ராக்ஸ் என்னும் இசைத்தட்டுக் கொம்பனி இயங்கி வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவுச்சாலையில் உட்காரக்கூட முடியாதிருந்த அம்மாநிலத்தில் அவர்கள் கூடி இசை செய்த இடம் அது. அங்கே ஐசக் ஹேய்ஸ், டேவிட் போற்றர் என்னும் இரு கறுப்பின இளைஞர் பாட்டெழுதினர். சாம் மூர், டேவ் பிறேற்றர் என்னும் இருவர் பாடினர். 1966 இல் இந்நால்வராலும் “பொறு, இதோ வருகிறேன்” என்னும் பொருள்படும் பாட்டொன்று பிறந்தது. மலசலகூடம் சென்ற போற்றரை ஹேய்ஸ் விரைந்து வரும்படி கூப்பிட, உள்ளேயிருந்து அவர் கொடுத்த மறுமொழியே பாட்டின் முதலடியாயிற்றாம்! துன்பத்திலிருப்பவளுக்குத் துணைக்கு வருவேன் என்று வாக்களிக்கும் பாட்டு. அரசியலுக்கும் அதற்கும் முடிச்சே இல்லை. மறு ஆண்டு அதே நால்வரும் வேறொரு புகழ்பெற்ற பாட்டையும் ஆக்கினர்.

1996 இல் பொப் டோல் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றார். சாம் மூர் அவ்விரண்டாம் பாட்டிலே ஒரு சொல்லை மாற்றி டோலின் பெயரை வைத்துப் பாடிக்கொடுத்தார். பாடியவரே மனமுவந்து கொடுத்தார், எழுதியவருக்கு மனமில்லை. தாமும் போற்றரும் டோலை ஆதரிப்பதாக உலகம் எண்ணிவிடுமே என்று ஹேய்ஸ் வருந்தினார். ஆனால் ஹேய்ஸின் கையில் அப்போது உரிமை இருக்கவில்லை. 1976 இல் அவர் வங்குறோத்தாகித் தம் பாட்டுக்களின் உரிமையை இழந்திருந்தார். உரிமை வைத்திருந்த பதிப்புக் கொம்பனிதான் கடிதம் எழுதி அப்பாட்டை நிறுத்தியது. ஆக, பாடியவர் சம்மதம் தந்தார், எழுதியவர் மனம் வருந்தினார், வாங்கியவர் தடுத்தார். சட்டம் காது கொடுத்தது மூன்றாமவருக்கே.

2008 இல் பராக் ஒபாமாவின் கூட்டங்களிலே 1966 ஆம் ஆண்டுப் பாட்டு ஒலித்தது. இம்முறை ஆட்சேபித்தவர் சாம் மூர். என் வாக்கு எனக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையிலுள்ள விடயம், எவரையும் நான் ஆதரித்துச் சொல்லவில்லை, ஆதலால் நிறுத்துக என்று எழுதினார். ஒபாமா தரப்பினரும் நிறுத்தினர். ஆயினும் மறு ஆண்டு ஒபாமா பதவியேற்றபோது நடந்த விழா ஒன்றிலே மூர் சென்று பாடினார். 2017 இல் ட்ரம்பின் பதவியேற்பு விழாவிலும் பாடினார். இவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்லத் துணிவோர் சற்றுப் பொறுக்க. அழைத்தால் வந்து பாடுவேன். அழையாமல் என் குரலை மட்டும் தூக்கிச் செல்லாதே என்பதே அவர் நிலை. எமது ஊர் நாதசுர வித்துவானும் இதைத்தான் சொல்வார்.

ஹேய்ஸ் 2008 ஓகஸ்ற்றில் காலமானார். இழந்த உரிமைகளிற் சிலவற்றைக் குடும்பத்தினர் பின்னர் மீட்டனர். ட்ரம்பின் கூட்டங்கள் முடியும் வேளையில் அதே பாட்டு ஆண்டுக்கணக்காக ஒலித்து வந்தது. 2024 ஓகஸ்ற்றில் குடும்பத்தினர் அற்லாண்டா நகர் நீதிமன்றம் சென்றனர். ட்ரம்ப் தரப்பார் தம்மிடம் அனுமதிப் பத்திரம் உண்டென்றனர். சங்கமோ அப்பாட்டை அதிலிருந்து நீக்கிவிட்டதாக அவ்வாண்டு யூன் மாதமே அறிவித்திருந்தது. இனி அப்பாட்டை ஒலிக்கலாகாதென்று நீதிபதி செப்ரெம்பர் 3 இல் இடைக்காலத் தடை விதித்தார். வெளிவந்துவிட்ட பழைய படங்களை நீக்கும்படி கட்டளையிடவில்லை. இவ்வழக்கிலே ட்ரம்ப் தரப்புக்குச் சார்பாக எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்தவர் யார் தெரியுமா? பாட்டைப் பாடிய அதே சாம் மூர்! எழுதியவரின் மக்கள் ஒருபுறம், பாடியவர் மறுபுறம். இரு தரப்பாரும் பாட்டை நேசித்தவரே. மூர் 2025 சனவரியில், தம் 89 ஆவது வயதில், மறைந்தார்.

இவற்றையெல்லாம் படிக்கும் இளைஞர் ஒரு வினாவை எழுப்பக்கூடும்: பாட்டு வெளியே வந்தபின் அது கேட்பவரின் சொத்தல்லவா? தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்து கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலே உலகறிந்த “வெல்வோம்” என்னும் கருத்துடைய பாட்டை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒற்றைத் தந்தை இல்லை. 1965 மார்ச் 15 இல் ஜனாதிபதி ஜோன்சன், வாக்குரிமைச் சட்டத்தைக் கேட்டுப் பேரவையில் ஆற்றிய உரையிலே அப்பாட்டின் வாசகத்தையே எடுத்தாண்டார். அதைத் தொலைக்காட்சியிற் கண்ட மார்ட்டின் லூதர் கிங் கண்கலங்கினார் என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அரசியல்வாதி ஒருவர் பாட்டை எடுத்தார், பெரும்பாலோர் சினக்கவில்லை. ஏனெனில் அன்று பாட்டு ஜோன்சனிடம் இழுத்துச் செல்லப்படவில்லை, ஜோன்சனே பாட்டினிடம் வந்து சேர்ந்தார். அப்பாட்டுக்கு இருந்த பதிப்புரிமைகூட 2018 இல் ஒரு வழக்குத் தீர்வினால் நீங்கிற்று.

அதேவேளை, இசைவாணரிலும் குறையில்லாமல் இல்லை. தமக்குப் பிடித்த அபேட்சகர் கேளாமல் எடுத்தால் மௌனம் சாதித்து, பிடியாதவர் எடுத்தால் மட்டும் நியாயவாதியைத் தேடுவோர் பலர். அவர்கள் கோபம் பொய்யென்று யாம் சொல்லோம். எனினும் இரு கட்சிக்கும் ஒரே அளவுகோல் வைத்த கிழப்பாடகர் மூருக்கு எம் மதிப்பிலே தனியிடம் உண்டு.

முடிவாக நம் நாட்டுச் சட்டம் பற்றி ஓரிரு வார்த்தை. ஆக்கியோனின் மானத்துக்கும் பெயருக்கும் இழுக்கு நேருமாறு அவன் ஆக்கத்தைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமை, உரிமையை விற்றபின்னும் அவனிடமே இருக்கும் என்னும் விதி 1928 இல் றோம் நகரிலே பேர்ண் உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. இலங்கை 1959 இல் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. அமெரிக்கா சேர்ந்தது 1989 இலேதான். அடுத்த ஆண்டு அது இயற்றிய சட்டமும் ஓவியர், சிற்பியர் போன்றோர்க்கே அவ்வுரிமையை வழங்கிற்று. ஸ்பிறிங்ஸ்ரீனுக்குத் தம் நாட்டில் இல்லாத அவ்வுரிமை, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 10 ஆம் பிரிவினால் வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்து பாட்டெழுதும் ஒருவருக்கு உண்டு. திரிப்பதை மட்டுமன்றி, ஆக்கத்தை இழிவுபடுத்தும் வேறு செய்கைகளையும் அப்பிரிவு குறிப்பிடுகின்றது. ஒரு சொல்லும் மாற்றாமல், பாட்டை முழுமையாகவே, ஆனால் ஆக்கியோன் ஒருபோதும் ஏறாத மேடையிலே ஒலிக்கவிட்டால் அது இழிவுபடுத்தலாகுமா? எம் சங்கத்திலே சட்டம் பயிலும் அன்பர் இருவரிடம் இதைக் கேட்டோம். ஒருவர் ஆகும் என்றார்; மற்றவர் ஆகாது என்றார்.